மேசைமேல் இரு கொடிகள்

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்காக ஈயக் கலவையிலும் பிளாஸ்டிக்கிலும் வார்க்கப்படும் சிறு வீரர்களில், கொடி பிடித்து நிற்பவனைச் செய்து முடிக்கத்தான் அதிகப் பொறுமை வேண்டும். வீரனின் உயரம் 28 மில்லிமீட்டர். அவனோடு சேர்ந்து வார்ப்பில் வரும் கம்பம் தடித்திருக்கும், தொட்டால் வளையும். அதை வெட்டிவிட்டு, மூடிய கைமுட்டியை விரலால் திருகும் சிறு துளைப்பானால் மேலிருந்து கீழாகத் துளைத்து, பித்தளைக் கம்பியைச் செருகுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலாட்படையின் கொடிக்கம்பம் ஏறத்தாழ 3 மீட்டர் நீளம். அறுபதில் ஒரு பங்காகச் சுருக்கினால் 5 சென்டிமீட்டர். கம்பியின் நுனியை இரும்புக் கட்டைமேல் வைத்துச் சுத்தியலால் இரண்டு மூன்று தட்டுத் தட்டினால் தட்டையாக விரியும். விரிந்ததை இருபுறமும் அரத்தால் ராவினால் ஈட்டித் தலை வந்துவிடும். கொடி ஒரே தாளில் இரு முகமாக அச்சிடப்பட்டதாகவோ கையால் எழுதப்பட்டதாகவோ இருக்கும். அதை நடுவில் மடித்துக் கம்பியைச் சுற்றி ஒட்டி, பசை காய்வதற்குள் தூரிகையின் காம்பில் வைத்து அலையலையாக வளைக்க வேண்டும். காய்ந்தபின் வளைத்தால் தாள் முறிந்து வெள்ளைக் கோடு விழும். வெட்டிய ஓரத்தில் தெரியும் வெண்மையையும் கொடியின் நிறத்தாலேயே மூட வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால், எவ்வளவு நுணுக்கமாக எழுதிய கொடியும் தாளாகவே தெரியும்.

இத்தனை சிரத்தையோடு செய்யப்படும் இந்தப் பொருள் என்ன? விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் எந்தக் கொடியைப் பார்த்து இது செய்யப்பட்டதோ, அந்தக் கொடியைக் காப்பதற்காக மனிதர்கள் செத்திருக்கிறார்கள். அதன்முன் சத்தியம் செய்திருக்கிறார்கள். மதகுருமார்கள் அதற்கு ஆசி வழங்கியிருக்கிறார்கள். நீலகிரியில் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்டின் தலைமைப் பயிற்சி மையம் இருக்கிறது. பயிற்சி முடித்த இளைஞர்கள் படைக்கொடியின் முன்னிலையில், அவரவர் மதத்தின் புனித நூலைத் தொட்டு உறுதிமொழி எடுத்துக்கொள்ளும் அணிவகுப்பு அங்கே நடக்கிறது. இந்தியப் படைப்பிரிவு ஒன்றுக்குப் புதிய கொடி வழங்கப்படும்போது முரசுகளை அடுக்கி அவற்றின்மேல் கொடியைச் சாய்த்துவைத்து, பண்டிதரும் மௌல்வியும் கிரந்தியும் பாதிரியாரும் ஒருவர்பின் ஒருவராக வந்து ஆசி வழங்குகிறார்கள். அந்தக் கொடியின் சிறுபிரதியை ஒருவர் விளையாட்டுக்காகச் செய்வது தகுமா? இதை ரசனைக் கேள்வியாகவோ சட்டக் கேள்வியாகவோ முடித்துவிட முடியாது. புனிதம் என்பது எங்கே இருக்கிறது என்ற பழைய கேள்விதான் இது. கோயில் வாசலில் நின்று கேட்டவர்கள் உண்டு, இங்கே மேசையோரத்தில் நின்று கேட்கிறோம். சிறு கொடி செய்வது அவமதிப்பு ஆகாது என்பது என் வாதம். அது ஒரு கடனைக் கையில் கொடுக்கிறது என்பதும் அதே வாதத்தின் மறுபாதி.

முதலில் பொருளை எடுத்துக்கொள்வோம். உதகமண்டலத்தில் புனித ஸ்டீபன் ஆலயம் இருக்கிறது. 1829இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1830 நவம்பர் 5 அன்று கல்கத்தா பிஷப் ஜான் மத்தியாஸ் டர்னர் அதைப் புனிதப்படுத்தினார். அதன் கூரையைத் தாங்கும் பெரிய மரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து மலைக்கு ஏற்றப்பட்டவை. 1799இல் தோற்று உயிர்விட்ட ஒரு முஸ்லிம் மன்னனின் மாளிகையைத் தாங்கிய உத்தரம், வென்றவர்களின் தேவாலயத்தைத் தாங்க வந்தது. புனிதமோ அதற்கு எதிரானதோ மரத்தின் நாரிலேயே ஊறியிருக்கும் என்றால் அந்தப் பிஷப் அந்த மரத்தை ஏற்றிருக்க முடியாது. அரண்மனை மரமாக இருந்தது ஆலய மரமாக ஆனதற்கு நடுவே நடந்தது ஒரே ஒரு காரியம்: அதை இன்னதற்கு என்று ஒப்படைத்த சடங்கு. இதை எழுதும்போது வென்றவர்கள் செய்த கொள்ளையை நான் மறக்கவில்லை. கொள்ளையடித்த மரத்தையும் ஒரு வழிபாடு தனக்குரியதாக்கிக்கொள்ள முடிந்தது என்பதே, புனிதம் பொருளோடு பிறப்பதில்லை என்பதற்கு நம் மலையில் நிற்கும் சாட்சி.

நம் கோயில்களில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. திருப்பணி தொடங்கும்போது பாலாலயம் செய்கிறார்கள். கருவறையில் இருக்கும் மூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கும்ப நீருக்கு மாற்றி, அங்கிருந்து ஒரு மரப்பலகைச் சித்திரத்துக்கோ சிறு பிம்பத்துக்கோ எழுந்தருளச் செய்து, வேலை முடியும்வரை அங்கே பூஜை நடத்துகிறார்கள். பெரிய கல்மூர்த்தி அவ்வளவு நாளும் சிற்பியின் உளிக்கு எட்டும் கல்லாக இருக்கிறது; கையகலப் பலகை தெய்வமாக இருக்கிறது. அளவும் பொருட்டில்லை, பொருளும் பொருட்டில்லை என்பதை ஆகமமே நடத்திக் காட்டுகிறது. கொடிமரத்துக்கும் இதுவே பொருந்தும். திருவிழா தொடங்கும்போது நந்தியோ கருடனோ எழுதிய கொடிப்படத்துக்கு மந்திரத்தால் உயிரூட்டி ஏற்றுகிறார்கள். கொடி இறங்கும்போது வந்தவரை வழியனுப்பிவிடுகிறார்கள். சிதம்பரத்தில் உமாபதி சிவத்தைப் பற்றி வழங்கும் வரலாறு எல்லோருக்கும் தெரிந்தது: தீட்சிதர்கள் அவரை விலக்கிவைத்தார்கள்; கொடி ஏறவில்லை; அவர் வந்து பாடியபிறகே ஏறியது. அப்படிப் பிறந்ததாகச் சொல்லப்படும் கொடிக்கவி மெய்கண்ட சாத்திரங்கள் பதினான்கில் ஒன்று. அதே துணி, அதே கயிறு, அதே மரம். இல்லாமலிருந்தது வேறொன்று என்பதுதான் அந்தக் கதையின் உயிர்.

சைவரோ வைணவரோ இங்கே குறுக்கிட்டு ஒன்று கேட்பார். பிரதிஷ்டை ஆனபின் மூர்த்தி வெறும் அடையாளமா? இறைவனே அர்ச்சாவதாரமாக அந்த வடிவில் இறங்கியிருக்கிறான் என்பது அல்லவா நம்பிக்கை. புனிதம் பொருளில் இல்லை என்றால் அந்த நம்பிக்கையை மறுப்பதாகாதா? ஆகாது. இறங்கியவன் உண்மையில் இறங்கியிருக்கிறான் என்றே வைத்துக்கொள்வோம். அவன் அழைக்கப்பட்டு இறங்கினான் என்பதும் அதே நம்பிக்கையின் பகுதி. சுவாமிமலை ஸ்தபதியின் பட்டறையில் மெழுகுக் கரு வார்ப்பாகி, அரத்தால் ராவப்பட்டுப் படுத்திருக்கும் நடராஜருக்கு யாரும் தீபாராதனை காட்டுவதில்லை. கண் திறக்கும்வரை ஸ்தபதி அதன் தோளில் கால் ஊன்றி வேலை செய்தாலும் அபசாரம் இல்லை. அழைக்கப்படாத வடிவம் கலை. அழைக்கப்பட்ட வடிவம் தெய்வம். ஆகவே அர்ச்சாவதாரக் கொள்கை என் வாதத்துக்கு எதிரியாக இல்லை, துணையாகவே நிற்கிறது. படைக்கொடிக்கும் அப்படித்தான். அது படைக்கொடி ஆவது தையற்கூடத்தில் இல்லை. ஆசியும் உறுதிமொழியும் சேரும் அந்த மைதானத்தில்தான் ஆகிறது. பீரங்கிப் படைக்கு இப்படிப்பட்ட கொடி கிடையாது. அவர்களுக்குப் பீரங்கியே கொடி, கொடிக்குரிய மரியாதை அதற்கே. ஆயிரக்கணக்கான கிலோ இரும்பும் இரண்டு முழம் பட்டும் ஒரே இடத்தில் நிற்க முடிகிறது என்றால் அந்த இடத்தை அளிப்பது வீரன் எடுத்த சத்தியம்தான்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சத்தியத்தில்தான் புனிதம் என்றால், பழைய கொடிகளை ஏன் தூக்கி எறிவதில்லை? பிரிட்டிஷ் படைகள் கந்தலான கொடிகளைத் தேவாலயங்களில் தொங்கவிட்டு, நூல் நூலாக உதிரும்வரை விட்டுவைத்தன. இந்தியா குடியரசான ஆண்டில், 1950 நவம்பர் 23 அன்று, மன்னரின் பெயரால் வழங்கப்பட்டிருந்த கொடிகளை இந்தியப் படைப்பிரிவுகள் டேராடூன் ராணுவ அகாதமியில் முழு மரியாதையோடு ஒப்படைத்தன. ஆட்சி போய்விட்டது, சத்தியத்தைப் பெற்றுக்கொண்ட மன்னனே இல்லை. ஆனாலும் யாரும் அந்தத் துணிகளை எரிக்கவில்லை. துணியிலேயே ஏதோ தங்கியிருக்கிறது என்பதைத்தானே இது காட்டுகிறது? நான் அப்படிப் படிக்கவில்லை. அங்கே மரியாதை பெற்றது மன்னனின் முடியல்ல. அந்தக் கொடிகளின் கீழ் வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் பர்மாவிலும் புதைந்துபோன வாக்குகளுக்குத்தான் அந்த மரியாதை. யாரிடம் கொடுத்தோம் என்பது மாறலாம். கொடுத்தவர் கொடுத்ததுதான், அதைக் காப்பாற்றியவர் காப்பாற்றியதுதான். அதற்குக் கண்ணுக்குத் தெரியும் சாட்சியாக மிஞ்சியது துணி. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பல மதத்தவர் சேர்ந்த ஒரு படை அந்தக் கொடிகளை எந்த ஒரு மதத்தின் ஆலயத்திலும் வைக்கவில்லை, பயிற்சிக்கூடம் ஒன்றில் வைத்தது. தெய்வம் குடியிருப்பதாக நினைத்திருந்தால் தெய்வத்தின் வீட்டைத் தேடியிருப்பார்கள். நவராத்திரி கொலுவில் ஒன்பது நாள் படியில் அமர்ந்த பொம்மைகளில் ஒன்றை விஜயதசமி இரவில் படுக்கவைத்து, மறுநாள் எல்லாவற்றையும் துணியில் சுற்றிப் பெட்டியில் வைக்கிறோம். தூக்கி எறிவதில்லை, தினமும் கும்பிடுவதும் இல்லை. வழிபாட்டுக்கும் அலட்சியத்துக்கும் நடுவே பேணுதல் என்று ஒன்று இருக்கிறது. சடங்கு முடிந்த கொடி அங்கே இருக்கிறது. சிறு உருவம் செய்பவரின் கொடியும் அந்த இடத்துக்குத்தான் வர முயல்கிறது.

புனிதப் பொருளையும் மனிதனையும் எதிரெதிரே நிறுத்தி நம் இலக்கியம் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. சங்க கால அரசனுக்கு முரசு வெறும் வாத்தியம் இல்லை. அதற்குக் கட்டில் உண்டு, நீராட்டு உண்டு, பலி உண்டு. பகைவனின் முரசைக் கைப்பற்றுவதும் காவல் மரத்தை வெட்டுவதும் வெற்றியின் முத்திரைகள். தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் முரசு நீராடப் போயிருந்த நேரத்தில் புலவர் மோசிகீரனார் அறியாமல் அந்தக் கட்டிலில் ஏறிப் படுத்து உறங்கிவிட்டார். வழக்கப்படி வாள் வீசியிருக்க வேண்டிய அரசன் அருகில் நின்று அவருக்கு விசிறி வீசினான். புறநானூற்றின் 50ஆம் பாட்டு புலவரின் நன்றியைப் பதிவு செய்கிறது. முரசின் பெருமையை அரசன் குறைத்துவிடவில்லை. முரசு எதற்காக இருக்கிறதோ, அதை அவன் முரசைவிட நன்றாக அறிந்திருந்தான். ஒரு கவிஞன் தெரியாமல் தொட்டதற்கே இந்தத் தீர்ப்பு என்றால், தெரிந்தே, மாதக்கணக்கில் உட்கார்ந்து, நூலிழை தப்பாமல் ஒரு கொடியைத் தாளில் எழுதுபவரை அவமதித்தார் என்று சொல்வதற்கு என்ன இருக்கிறது?

இனிதான் உண்மையான கஷ்டம் வருகிறது. புனிதத்தை விட்டுவிடுவோம்; போரை விளையாட்டாக்குவது தவறில்லையா? எச். ஜி. வெல்ஸ் 1913இல் சிறு வீரர்களை வைத்து ஆடும் போருக்கு விதிகள் எழுதி நூலாக்கியபோது, இந்த ஆட்டம் உண்மைப் போரைவிட எவ்வளவோ மேல் என்றும், பெரிய போர் எவ்வளவு அபத்தமானது என்பதை இதை ஆடினால் உணரலாம் என்றும் வாதிட்டார். அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. ஆட்டம் போரைத் தடுக்கும் என்ற நம்பிக்கையை அந்த ஆண்டோடு கைவிட்டுவிடுவது நல்லது. பிரஷ்யாவில் ரெய்ஸ்விட்ஸ் 1824இல் உருவாக்கிய போர் ஆட்டம் படை அதிகாரிகளுக்குப் பயிற்சியாகவே வளர்ந்தது. வெலிங்டனில் உள்ள பாதுகாப்புப் பணியாளர் கல்லூரி போன்ற இடங்களிலும் வரைபடமும் மணல் மாதிரியும் கல்வியின் பகுதிதான். மேசைப் போர் மனிதனை அமைதியாக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். வீழ்ந்த ஈய வீரனை அடுத்த ஆட்டத்துக்கு எழுப்பி நிறுத்தலாம். கொடி பிடித்திருந்ததாலேயே குறிவைத்துச் சுடப்பட்ட மனிதனை எழுப்ப முடியாது. இந்த வேறுபாட்டை ஆட்டம் மறக்கச் செய்யும் என்பது உண்மையான ஆபத்து. ஆனால் நீலகிரி மலைகளில் சிறு உருவம் என்பது சாவை மறப்பதற்கான பொருளாக இருந்ததில்லை. மலையின் கற்குவைகளை 1870களின் தொடக்கத்தில் அகழ்ந்த முதல் ஆணையர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ், பானை மூடிகளின்மேல் சுடுமண்ணில் செய்த எருமைகளையும் குதிரை வீரர்களையும் கண்டெடுத்தார். அவற்றில் பல இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கையடக்கமான அந்தக் குதிரைக்காரனை இறந்தவரோடு வைத்தார்கள். சிறியதாகச் செய்வது கேலிக்குச் சமம் என்ற எண்ணம் அவர்களிடம் இல்லை.

விளையாட்டுக்குச் செய்வதற்கும் கல்லறைக்குச் செய்வதற்கும் உள்ள தூரத்தை நான் மறைக்கவில்லை. மேசைக்கு உரிய ஒரு நன்மை கல்லறையிலும் இல்லை, கொடியேற்றத்திலும் இல்லை: அங்கே இரண்டு படைகளையும் ஒருவரே செய்கிறார். பக்தன் தன் கொடியை மட்டும் செய்கிறான். வீரன் தன் கொடியின் முன் மட்டும் நிற்கிறான். மேசைப் போர் ஆடுபவரோ எதிரியின் கொடியையும் அதே கம்பியில், அதே பசையில், அதே ஓரத்து வெண்மையை மூடி, செய்து முடித்தாக வேண்டும். பாரதப் போரில் அர்ச்சுனன் கேட்ட முதல் காரியம், தேரை இரு படைக்கும் நடுவில் நிறுத்து என்பது. அவன் தலைக்குமேல் அனுமன் கொடி பறக்கிறது. எதிரே பீஷ்மரின் பனைக்கொடி. பாரதக் கவி துரோண பருவத்தில் வீரர்களின் கொடிகளை ஒவ்வொன்றாக வருணிக்கும்போது, பாண்டவர் பக்கம் என்பதற்காக ஒன்றைப் பொன்னாகவும், கௌரவர் பக்கம் என்பதற்காக மற்றொன்றைக் கந்தலாகவும் எழுதவில்லை. மதராஸ் ரெஜிமென்ட் தன் வாசகத்தை எடுத்துக்கொண்டது கீதையின் மூன்றாம் அத்தியாயத்திலிருந்து. தன் அறத்தில் நின்று சாவதே மேல் என்பது அதன் கருத்து. அந்த வாசகத்துக்கு முன்னால், முதல் அத்தியாயத்தில், இரு பக்கத்தையும் பார்த்து நின்ற ஒரு கணம் இருக்கிறது. போர்க்களத்தில் வீரனுக்கு அந்தக் கணம் வாய்க்காது. மேசைமுன் அமர்ந்தவருக்கு அது மட்டுமே வாய்க்கிறது.

தமிழ்நாட்டு வரலாற்றில் இதைச் சோதித்துப் பார்க்க வேலூரைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அந்தக் கதை வெலிங்டனிலிருந்தே தொடங்குகிறது. வெலிங்டன் என்ற ஊர்ப்பெயர், முன்பு ஜக்கதலா என்றிருந்த இடத்துக்கு, பின்னாளில் வெலிங்டன் பிரபுவான ஆர்தர் வெல்லெஸ்லியை நினைத்து வைத்த பெயர். அவர் 1803 செப்டம்பர் 23 அன்று அஸ்ஸேயில் மராத்தியரை வென்றபோது மதராஸ் சிப்பாய்ப் பட்டாளங்கள் அவரோடு நின்றன. பங்கேற்ற பட்டாளங்களுக்கு அந்த வெற்றிக்காக மரியாதைக் கொடிகள் வழங்கப்பட்டன, அஸ்ஸே யானைச் சின்னம் பிறந்தது. இன்றும் மதராஸ் ரெஜிமென்டின் தொப்பியில் இருப்பது அந்த யானைதான். மூன்றே ஆண்டுகளில், 1806 ஜூலை 10 அன்று, அதே மதராஸ் படையைச் சேர்ந்த சிப்பாய்கள் வேலூர்க் கோட்டையில் எழுந்து திப்புவின் புலிக் கொடியை ஏற்றினார்கள். நெற்றிக் குறி கூடாது, தாடி கூடாது, புதுவகைத் தலைப்பாகையை அணிய வேண்டும் என்ற ஆணைகள் அவர்களின் மதத்தைத் தொட்டன. கம்பெனியின் கொடிக்கு விசுவாசமாக இருப்பதாகச் சத்தியம் செய்தவர்கள்தான் அவர்கள். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி 19ஆம் டிராகூன் குதிரைப்படையோடு வந்து அன்றே கோட்டையைப் பிடித்தார். அதே குதிரைப்படை அஸ்ஸேயில் போரிட்டு யானைச் சின்னம் பெற்றது. யானைக் கொடிக்காரர்கள் வந்து புலிக் கொடியை இறக்கினார்கள். பின்னர் அந்த ஆணைகள் திரும்பப் பெறப்பட்டன, சம்பந்தப்பட்ட மூன்று பட்டாளங்கள் கலைக்கப்பட்டன, ஆளுநர் வில்லியம் பென்டிங்கும் தளபதி ஜான் கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டார்கள்.

இந்த ஒரு நாளின் போரை மேசையில் வைக்க விரும்புபவர் இரண்டு கொடியும் செய்ய வேண்டும். இங்கே என்னை நோக்கி ஒரு கடுமையான கேள்வி வரும்: அடக்கியவனையும் எதிர்த்தவனையும் ஒரே தராசில் வைப்பது நடுநிலையா, கோழைத்தனமா? சம சிரத்தையோடு செய்வது சமமாகத் தீர்ப்பளிப்பது ஆகாது என்பது என் பதில். வேலூரில் நியாயம் யார் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒரு மனிதனின் நெற்றியில் இருப்பதை அழிக்கச் சொல்லும் உரிமை எந்தக் கொடிக்கும் கிடையாது. ஆனால் அந்தச் சிப்பாய் எதை உடைத்துக்கொண்டு வெளியே வந்தான் என்பது, அவன் விட்டுவந்த கொடியையும் உள்ளபடி அறிந்தவருக்கே புரியும். அது அவன் சத்தியம் செய்த கொடி, சம்பளம் வாங்கிய கொடி, மூன்று ஆண்டு முன்பு சகாக்கள் அதன்கீழ் செத்த கொடி. கம்பெனிக் கொடியைக் கறையாகவும் கோணலாகவும் வரைந்துவிட்டால் அவன் செய்த முடிவின் கனமும் போய்விடும். அவன் எளிதில் உதறக்கூடிய ஒன்றை உதறினான் என்றாகிவிடும். சத்தியத்துக்கும் மனசாட்சிக்கும் நடுவே ஒருவன் நின்றதை மதிக்க வேண்டுமானால் இரண்டு துணியும் துல்லியமாக இருக்க வேண்டும். சட்டையின் கழுத்துப்பட்டையிலும் கைமடிப்பிலும் உள்ள நிறம் எதுவோ அதுவே படைப்பிரிவின் கொடிக்கும் நிறம் என்பது போன்ற விவரங்களைத் தேடி மணிக்கணக்கில் செலவிடுபவர்களைச் சிலர் பொழுதுபோகாதவர்கள் என்று நினைக்கிறார்கள். பெயர் எழுதி வைக்கப்படாத அந்தச் சிப்பாய்களுக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதையில் அந்தத் துல்லியம் ஒரு பெரும் பங்கு என்று நான் நினைக்கிறேன். நான் கடன் என்று சொன்னது இதைத்தான்.

சுதந்திர இந்தியாவின் ராணுவமும் இதே சிக்கலைச் சந்தித்திருக்கிறது. இந்திய மன்னர்களுக்கு எதிரான போர்களில் பெற்ற விருதுகளை அது கொண்டாடுவதில்லை. அப்படிப் பார்த்தால் அஸ்ஸேயும் மௌனமாகிவிட வேண்டும். யானை மட்டும் தொப்பியில் தொடர்கிறது. இதை முரண்பாடு என்று சிலர் குறை சொல்லலாம். பாலாலயத்தைப் புரிந்துகொண்டவருக்கு இதில் முரண் தெரியாது. வடிவம் அப்படியே இருக்க, அதில் எழுந்தருளியிருப்பது மாறிவிட்டது. இன்று அந்த யானையின் கீழ் சத்தியம் செய்யும் இளைஞனின் மனத்தில் வெல்லெஸ்லி இல்லை.

இதிலிருந்து செய்பவருக்கு ஓர் எல்லையும் பிறக்கிறது. வாதத்தை ஒப்புக்கொண்டால் இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சத்தியம் முடிந்துபோன கொடிகளை, கலைக்கப்பட்ட பட்டாளங்களின் கொடிகளை, ஒப்படைக்கப்பட்ட மன்னர் கொடிகளை, மேசைக்குச் செய்யலாம். இன்று காலையிலும் ஓர் இளைஞன் எதன்முன் கை உயர்த்தியிருப்பானோ அந்தக் கொடியை ஆட்டத்தில் வீழ்த்துவதற்காகச் செய்யக் கூடாது. அங்கே வாக்கு இன்னும் உயிரோடிருக்கிறது, கொடுத்தவரும் உயிரோடிருக்கிறார். தேசியக் கொடி விஷயத்தில் 2002ஆம் ஆண்டின் கொடி விதித்தொகுப்பு இதே உணர்வோடு பேசுகிறது: விழாவில் அசைத்த காகிதக் கொடியைக்கூடத் தரையில் எறியக் கூடாது, சேதமடைந்த கொடியைத் தனிமையில், எரித்தோ கண்ணியமான வேறு முறையிலோ, முழுமையாக அழிக்க வேண்டும். அப்படியானால் அண்மைக் காலப் போர்களை ஆட விரும்புபவர் என்ன செய்வது என்று கேட்கலாம். அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. 1881 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் லேங்ஸ் நெக்கில் 58ஆம் படைப்பிரிவு தன் கொடியைப் போருக்குள் கொண்டுசென்றதுதான் பிரிட்டிஷ் படையில் கடைசி முறை. அதற்குப்பின் படைக்கொடிகள் அணிவகுப்பு மைதானத்தோடு நின்றுவிட்டன, இன்றைய இந்தியப் படைக்கொடிகளும் போர்முனைக்குப் போவதில்லை. 1965, 1971 களங்களை மேசையில் அமைப்பவர் கொடிக்காரனை நிறுத்தினால் வரலாற்றிலும் பிழை, மரியாதையிலும் பிழை. அந்த வீரனின் கைமுட்டியைத் துளைக்காமலே விட்டுவிடலாம்.